செக்மேட்டும் ஓர் அரிச்சுவடிதான்

கல்முனைப் பக்கம் ஒரு செஸ் போர்டை விரித்தால், காய் அடுக்கி முடிக்க முன்னமே பக்கத்தில் ஒருவர் வந்து நின்று கருத்துச் சொல்லத் தொடங்கிவிடுவார். "இது மூளையுள்ள ஆக்கள்ட விளையாட்டு மனே. மெட்ஸ் படிச்சாக்களுக்குத்தான் சரிவரும்." சாய்ந்தமருதில் பிளேன்டீக் கடையில் கேட்டிருக்கிறோம். நிந்தவூரில் கல்யாண வீட்டுப் பந்தலுக்குள் கேட்டிருக்கிறோம். அக்கரைப்பற்று பஸ்ஸுக்குள் போனில் புதிர் போட்டுக்கொண்டிருக்கும்போது பின் சீட்டிலிருந்தும் கேட்டிருக்கிறோம். சொல்பவர் நல்ல மனதோடுதான் சொல்கிறார். ஆனால் அந்த வசனத்துக்குள் எங்கள் ஊர்களின் ஒரு பெரிய நம்பிக்கை இருக்கிறது. மூளை என்பது சிலருக்குப் பிறக்கும்போதே கொடுத்தனுப்பிய சாமான், மற்றவர்கள் அதைப் பார்த்து ஆச்சரியப்படலாம், அவ்வளவுதான் என்ற நம்பிக்கை.

நாங்கள் ஐந்து பேர். ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் கலை கலாசார பீடம். ஏ.எல்லில் ஒருத்தரும் கணிதப் பிரிவுப் பக்கம் போகவில்லை. தமிழ், புவியியல், அரசியல் விஞ்ஞானம், இஸ்லாமிய நாகரிகம் என்று எங்கள் பாடங்கள். ஐந்தில் இரண்டு பேர் பெண்கள். கடந்த ஒன்றரை வருடமாக இரண்டு லெக்சருக்கு இடையில் கென்டினில் ஒரு சுருட்டுகிற பிளாஸ்டிக் போர்டை விரித்து செக்மேட் அமைப்புகளைப் படித்து வருகிறோம். விளையாடுகிறோம் என்று சொல்லாமல் படிக்கிறோம் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது.

மூலைக்கு மூன்று வாசல்

செஸ்ஸில் காய் நகர்த்தப் பழக ஒரு பின்னேரம் போதும். குதிரை மட்டும் கொஞ்சம் குழப்பும், அதுவும் இரண்டு நாளில் சரிவந்துவிடும். சிக்கல் அதற்குப் பிறகுதான். ராணியும் கோட்டையும் கையில் இருக்கும், எதிராளியிடம் வெறும் ராஜா மட்டும் நிற்பான், ஆனாலும் ஆட்டத்தை முடிக்கத் தெரியாது. செக், செக், செக் என்று பலகை முழுக்க ராஜாவை ஓட்டிக்கொண்டு திரிவோம். காய் நகர்த்தத் தெரிந்த எல்லோரும் ஒரு காலம் நிற்கிற இடம் இது.

இந்த இடத்தில் எங்களுக்குக் கைகொடுத்தது கரைவலை. இந்தக் கரையில் பிறந்தவர்களுக்கு அதை விளக்கத் தேவையில்லை. தோணி வலையைக் கடலுக்குள் வளைத்துப் போட்டுவிட்டு வரும். பிறகு கரையில் இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று கயிற்றை இழுப்பார்கள். யாரும் மீனைத் துரத்துவதில்லை. மீன் போகக்கூடிய வழிகளை இரண்டு பக்கத்தாலும் குறைத்துக்கொண்டே வருவார்கள். கடைசியில் மடிக்குள் இருப்பதுதான் பாடு.

செக்மேட்டும் அதேதான். நடுப்பலகையில் நிற்கும் ராஜாவுக்குப் போக எட்டுக் கட்டங்கள். ஓரத்துக்குத் தள்ளினால் ஐந்து. மூலைக்குத் தள்ளினால் மூன்று. செக் கொடுப்பது கடைசி வேலை, அதற்கு முன் வாசல்களை எண்ண வேண்டும். இரண்டு கோட்டைகளை வைத்துப் போடும் ஏணி மேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கோட்டை ஒரு வரிசையை வேலி மாதிரி அடைத்து நிற்கும். மற்றது அடுத்த வரிசைக்கு வந்து செக் கொடுக்கும். ராஜா ஒரு படி பின்வாங்குவான். இப்போது வேலியாக நின்ற கோட்டை தாண்டிப் போய் அடுத்த செக்கைக் கொடுக்கும். இப்படியே மாறி மாறி ஓரம் வரைக்கும். இதில் புத்திசாலித்தனம் எதுவும் இல்லை. கயிறு இழுக்கிற ஒழுங்கு மட்டும்தான்.

அடுத்தது பின்வரிசை மேட். கோட்டை கட்டிப் பாதுகாப்பாக இருக்கும் ராஜாவுக்கு முன்னால் மூன்று சிப்பாய்கள். பார்க்க நல்ல மதில்தான். ஆனால் எதிராளியின் கோட்டை கடைசி வரிசைக்கு வந்துவிட்டால் அந்த மதிலே ராஜாவை உள்ளே வைத்துப் பூட்டிவிடும். எங்களுக்குள் இதற்கு "வாசல் பூட்டு" என்று பெயர். எல்லா அமைப்புக்கும் இப்படி ஒரு வீட்டுப்பெயர் வைத்துக்கொண்டோம். ஒரே நேரத்தில் இரண்டு காயைத் தாக்கினால் "இரட்டை அடி". பின்னால் ராஜா நிற்பதால் அசைய முடியாமல் ஒரு காய் மாட்டிக்கொண்டால் "கட்டிப்போட்டது". முன்னால் நிற்கும் காய் விலக, பின்னாலுள்ளது தாக்கினால் "திரை விலக்கு". பெயர் வைத்த பிறகுதான் அவை கண்ணில் படத் தொடங்கின. புத்தகத்தில் உள்ள ஆங்கிலப் பெயர்களும் தெரியும். ஆனால் "மச்சான், வாசல் பூட்டிக் கிடக்கு, பாரு" என்று சொன்னால் காதுக்குள் வேறு மாதிரி ஏறுகிறது.

அரபிகளின் மூலை

செக்மேட் அமைப்புகளில் மிகப் பழையது என்று சொல்லப்படுவது அரபு மேட். குதிரையும் கோட்டையும் சேர்ந்து மூலையில் ராஜாவை முடிப்பது. ராஜா மூலையில் நிற்கிறான். கோட்டை அவனுக்கு நேர் எதிரே ஒட்டிவந்து நின்று செக் கொடுக்கிறது. குதிரை ஒரே இடத்தில் நின்றபடி இரண்டு வேலை பார்க்கிறது: கோட்டையை ராஜா வெட்டாமல் காக்கிறது, ராஜா பக்கவாட்டில் ஓடக்கூடிய கட்டத்தையும் அடைக்கிறது. மூன்றாவது வாசலைக் கோட்டையே பார்த்துக்கொள்ளும்.

இது ஏன் இவ்வளவு பழையது என்பதற்கு ஒரு நல்ல காரணம் இருக்கிறது. இந்தியாவில் சதுரங்கமாக இருந்தது பாரசீகம் வழியாக அரபிகளிடம் போய் ஷத்ரஞ்ச் ஆனது. அந்த ஷத்ரஞ்சில் இன்றைய ராணி இல்லை. அந்த இடத்தில் ஒரு மந்திரி நின்றார், குறுக்காக ஒரே ஒரு கட்டம்தான் போவார். பிஷப்பின் இடத்தில் யானை, குறுக்காக இரண்டாவது கட்டத்துக்குத் தாவும். 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பாவில்தான் ராணிக்கும் பிஷப்புக்கும் இன்றைய ஓட்டம் கிடைத்தது. கோட்டையும் குதிரையும் மட்டும் அன்று போனபடிதான் இன்றும் போகின்றன. அதனால்தான் பக்தாதில் ஒருவர் போட்ட அரபு மேட்டை ஒலுவில் கென்டினில் ஒரு எழுத்துக்கூட மாற்றாமல் நாமும் போடலாம்.

பெயர்களிலும் ஒரு வேடிக்கை. தமிழ்நாட்டில் நம் கோட்டையை யானை என்கிறார்கள். அரபியில் யானை, அதாவது அல்ஃபீல், என்பது பிஷப் நிற்கும் இடத்துக் காய். ஸ்பானிய மொழியில் இன்றும் பிஷப்புக்குப் பெயர் அல்ஃபில்தான். சூரத்துல் ஃபீல் ஓதிய எந்தப் பிள்ளையும் இதைக் கேட்டதும் சிரிக்கும். "ஷாஹ் மாத்" என்பதும் அப்படித்தான். எங்கள் வீடுகளில் மவுத்து என்ற சொல் தெரியாதவர் இல்லை, அதனால் ராஜா மவுத்தாகிவிட்டான் என்றே பொருள் கொள்ளத் தோன்றும். அரபியில் அப்படியும் விளங்கிக்கொண்டார்கள். ஆனால் பாரசீகத்தில் மாத் என்றால் வழியற்றுத் திகைத்து நிற்பது. பலகையைப் பார்த்தால் இதுதான் சரி என்று படும். செஸ்ஸில் ராஜாவை யாரும் வெட்டுவதில்லை. வாசல் எல்லாம் அடைபட்டு அவன் நின்றுவிடுகிறான், ஆட்டம் முடிகிறது.

ஷத்ரஞ்ச் காலத்து வல்லுநர்கள் "மன்சூபா" என்று ஒன்றைச் சேர்த்து வைத்தார்கள். இன்றைய புதிர்களின் மூதாதை: ஒரு நிலையை அடுக்கி வைத்து, இதிலிருந்து எப்படி வெல்வது என்று கேட்பது. 9ஆம் நூற்றாண்டில் அல்அத்லீ, அவருக்குப் பின் அஸ்ஸூலீ ஆகியோர் இதில் பெரும் பெயர்கள். அஸ்ஸூலீ அப்பாசிய கலீபா அல்முக்தஃபியின் காலத்தில் அரசவையின் அபிமான ஆட்டக்காரரான அல்மாவர்தீயை வென்று மேலே வந்தவர், 946 அளவில் பஸராவில் இறந்தவர். அவர் விட்டுச்சென்ற ஒரு புதிரை, தான் கற்றுக்கொடுத்தவர்களைத் தவிர யாராலும் அவிழ்க்க முடியாது என்று சொல்லியிருந்தார். ஆயிரம் வருடத்துக்குப் பிறகு 1980களில்தான் சோவியத் கிராண்ட்மாஸ்டர் யூரி அவெர்பாக் அதற்கு முழு விடையைக் கொடுத்தார்.

எங்களுக்குப் பிடித்த விசயம் இன்னொன்று. இந்த அஸ்ஸூலீ கணக்கு வாத்தியார் இல்லை. அவர் இலக்கியக்காரர். அபூ தம்மாம் போன்ற கவிஞர்களின் கவிதைகளைத் தேடித் தொகுத்தவர், வரலாறு எழுதியவர். இன்றைய கணக்கில் சொன்னால் ஆர்ட்ஸ் பெகல்ட்டி. அவர் காலத்தில் யாரும் அவரிடம் போய் "இது மெட்ஸ் ஆக்கள்ட விளையாட்டு" என்று சொல்லியிருக்க மாட்டார்கள்.

அந்தக் காலத்துப் புதிர்களில் மிகப் புகழ்பெற்றதுக்கு ஒரு கதையும் உண்டு. ஒரு கனவான் பணம் வைத்து ஆடுகிறார். தோற்றுக்கொண்டே போய் கடைசியில் தன் மனைவி திலாராமையே பணயம் வைத்துவிடுகிறார். அந்த ஆட்டமும் கைவிட்டுப் போகிற நிலை. திரைக்குப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருந்த திலாராம், இரண்டு கோட்டைகளையும் கொடுங்கள், என்னைக் கொடுத்துவிடாதீர்கள் என்கிறாள். அவர் அப்படியே கோட்டைகளைப் பலிகொடுக்கிறார், குதிரை மேட் போடுகிறது.

இந்தக் கதையை நாங்கள் ஐந்து பேரும் ஒரே மாதிரி வாசிக்கவில்லை. எங்களில் ஒருத்தி கேட்டாள்: "பலகைய சரியாப் பாத்தது அவள். ஆடினது அவர். பணயம் வெச்சது அவளை. கதையில பேர் மட்டும் அவளுக்கா?" அதற்கு எங்களில் யாருக்கும் பதில் இல்லை. எங்கள் ஊர்களில் கெரம் போட் போட்டிருக்கும் இடமும் செஸ் போர்ட் விரிக்கும் இடமும் பெரும்பாலும் கடைவாசல், கழகக் கட்டடம், கடற்கரை. அங்கே பெண் பிள்ளைகள் போய் உட்காருவதில்லை. திரைக்குப் பின்னால் நின்று மேட்டைக் காணக்கூடிய திலாராம்கள் எத்தனை பேர் சாய்ந்தமருதிலும் மருதமுனையிலும் இருக்கிறார்களோ, அவர்களுக்கு ஒரு பலகை கிடைத்தால்தானே தெரியும்.

பெரியவர்களிடமிருந்து வரும் இன்னொரு கேள்வி, இது மார்க்கத்தில் கூடுமா என்பது. அது பழைய கேள்வி, அஸ்ஸூலீ காலத்திலும் இருந்தது. அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஷாஃபிஈ மத்ஹபில் பணயமும் இல்லாமல் தொழுகையும் தவறாமல் ஆடினால் அது மக்ரூஹ் என்ற அளவில் நிற்கும் என்பது அறியப்பட்ட கருத்து. அந்தக் கவலையின் சாரம் நேரத்தைப் பற்றியது என்று நாங்கள் விளங்கிக்கொள்கிறோம். திலாராம் கதையைப் படித்தவர்களுக்குப் பணயம் ஏன் கூடாது என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை. பாங்கு சொன்னால் எங்கள் போர்ட் அப்படியே நிற்கும், திரும்பி வரும்போது காய்கள் எங்கேயும் போயிருக்காது.

மனப்பாடமா?

"இது சும்மா மனப்பாடம்தானே?" என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். இந்த நாட்டில் மனப்பாடம் என்றால் பாஸ்ட் பேப்பர், மாதிரி விடை, டியூசன் கையேடு. அதனால் அந்தச் சொல்லில் ஒரு இளக்காரம் ஒட்டியிருக்கிறது. ஆனால் செஸ்ஸில் நினைவு எப்படி வேலை செய்கிறது என்பதை ஆராய்ந்தவர்கள் இருக்கிறார்கள்.

ஒல்லாந்து உளவியலாளர் டி குரூட் 1940களில் இதைத் தொடக்கி வைத்தார். 1973இல் அமெரிக்காவில் சேஸ், சைமன் என்ற இருவர் மேலே கொண்டு போனார்கள். இந்த சைமன் பிறகு 1978இல் பொருளியலுக்கு நோபல் பரிசு பெற்றவர். ஒரு உண்மையான ஆட்டத்திலிருந்து எடுத்த நிலையை 5 செக்கன் மட்டும் காட்டிவிட்டு, காய்களை நினைவிலிருந்து அடுக்கச் சொன்னார்கள். மாஸ்டர் ஒருவர் ஏறக்குறைய 16 காய்களைச் சரியாக வைத்தார். புதிதாக ஆடுபவர் நான்கு அளவில். சரி, மாஸ்டருக்கு ஞாபகசக்தி அதிகம் என்று முடித்துவிடலாம் போலத் தோன்றும். ஆனால் அவர்கள் இன்னொன்றும் செய்தார்கள். அதே எண்ணிக்கைக் காய்களை ஒழுங்கில்லாமல் கண்டபடி பலகையில் போட்டுக் காட்டினார்கள். இப்போது மாஸ்டரும் புதியவரும் கிட்டத்தட்ட ஒரே அளவுக்கு வந்துவிட்டார்கள்.

மாஸ்டருக்குத் தனியான மூளை எதுவும் இல்லை என்பதுதான் இதன் பொருள். அவர் காய்களைத் தனித்தனியாகப் பார்ப்பதில்லை. கோட்டை கட்டிய ராஜா, முன்னால் மூன்று சிப்பாய், பக்கத்தில் குதிரை என்பது அவருக்கு ஐந்து காய்கள் அல்ல, ஒரு சொல். நாம் "கல்முனை" என்ற சொல்லை க, ல், மு, னை என்று எழுத்துக்கூட்டி வாசிப்பதில்லை, கண்டவுடன் தெரிகிறது. அரிச்சுவடி படித்த காலத்தில் கூட்டித்தான் வாசித்தோம். எந்தப் பிள்ளையைப் பார்த்தும் இதற்கு வாசிக்கும் மூளை பிறவியிலேயே இல்லை என்று யாரும் ஒதுக்குவதில்லை. சிலேட்டைக் கொடுத்து எழுதச் சொல்கிறார்கள்.

ஆனால் எழுத்துத் தெரிந்தால் மட்டும் போதாது என்பதையும் சொல்ல வேண்டும். அமைப்பைக் கண்டதும் கை தானாகக் காயைத் தூக்கப் பார்க்கும். வாசல் பூட்டு மாதிரியே இருக்கும், ஆனால் எங்கோ தூரத்தில் நிற்கும் பிஷப் ஒன்று இடையில் வந்து மறைத்துவிடும். அதனால் ஒவ்வொரு மேட்டுக்கும் முன்னால் மூன்று கேள்வி கேட்பதை வழக்கமாக்கிக்கொண்டோம். செக் கொடுக்கும் காயை வெட்ட ஏலுமா? இடையில் மறைக்க ஏலுமா? ராஜா ஓட ஏலுமா? மூன்றுக்கும் ஏலாது என்றால்தான் மேட். அமைப்பு ஒரு சந்தேகத்தைக் கிளப்பிக் கொடுக்கும், அது உண்மையா என்று பார்ப்பது கணிப்பின் வேலை. மனப்பாடம் செய்த விடையில் இந்த இரண்டாவது பகுதி கிடையாது. வித்தியாசம் அதுதான்.

மேட் வராவிட்டாலும் மேட்டின் நிழல் காய் பிடித்துத் தரும் என்பது இதில் அடுத்த வகுப்பு. 1914இல் மொஸ்கோவில் பெர்ன்ஸ்டைனுக்கு எதிராகக் கப்பாபிளாங்கா ஆடிய ஆட்டம் இதற்கு நல்ல பாடம். கப்பாபிளாங்கா தன் ராணியைக் கொண்டுபோய் எதிராளியின் ராணி வெட்டக்கூடிய இடத்தில் வைத்தார். வெட்டினால் கோட்டை பின்வரிசைக்கு வந்து வாசல் பூட்டு. வெட்டாவிட்டாலும் காய் நஷ்டம். பெர்ன்ஸ்டைன் அத்தோடு தோல்வியை ஒப்புக்கொண்டார். முதல் தடவை பார்க்கும்போது மந்திரம் மாதிரி இருக்கும். பின்வரிசை மேட்டை நூறு தடவை போட்டவர்களுக்கு அது மந்திரம் இல்லை, அவர்களுக்கு அந்த மொழி தெரியும்.

1497இல் ஸ்பெயினில் லுசேனா எழுதிய புத்தகத்தில் உள்ள மூச்சுமுட்டு மேட்டும் அப்படித்தான். ராணியும் குதிரையும் சேர்ந்து தாக்கும். குதிரை இரட்டைச் செக் கொடுக்க ராஜா மூலைக்குள் போவான். அடுத்து ராணி ராஜாவின் பக்கத்துக் கட்டத்தில் போய் நிற்பாள். குதிரை காவல் இருப்பதால் ராஜாவால் வெட்ட ஏலாது, அவனுடைய கோட்டைதான் வெட்ட வேண்டும். கோட்டை வெட்டி அந்த இடத்தில் நின்றதும் பக்கத்தில் கோட்டை, முன்னால் சிப்பாய்கள் என்று மூன்று வாசலும் சொந்தக்காரராலேயே அடைபட்டுவிடும். குதிரை திரும்பி வந்து ஒரு செக், முடிந்தது. எங்கள் அகராதியில் இதற்குப் பெயர் "சொந்தக்கார மேட்". ஏன் என்று எங்கள் ஊர்க்காரர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

படிக்கிற விதம்

பயிற்றுநர் இல்லை, பெரிய போட்டிகளுக்குப் போய்வரக் காசும் இல்லை என்பது இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் பலரின் நிலை. ஆனால் அரிச்சுவடி அளவுக்குத் தேவையானது இன்று எல்லோர் கையிலும் உள்ள போனிலேயே இருக்கிறது. 2010இல் திபோ டுப்ளெஸ்ஸி என்ற பிரான்ஸ்காரர் தொடங்கிய லிசெஸ் முழுக்க இலவசம், விளம்பரமும் கிடையாது. அதில் புதிர்களை வகை பிரித்து வைத்திருக்கிறார்கள். பின்வரிசை மேட் மட்டும், அரபு மேட் மட்டும், மூச்சுமுட்டு மேட் மட்டும் என்று எடுத்துப் பழகலாம். நாங்கள் ஒரு கிழமைக்கு ஒரு வகைதான் எடுப்போம். ஒவ்வொரு நாளும் இருபது புதிர், பிறகு அதே வகையைப் போர்டில் அடுக்கி ஒருத்தருக்கு ஒருத்தர் காட்டுவது. போனில் கண்டது மேசையில் கண்ணுக்குப் படாது, அதனால் போர்ட் கட்டாயம்.

ஹங்கேரிக்காரர் லாஸ்லோ போல்கர் 1994இல் வெளியிட்ட தடித்த புத்தகம் ஒன்று இருக்கிறது, மொத்தம் 5334 புதிர்களும் ஆட்டங்களும். முதல் 306ம் ஒரே நகர்வில் மேட். ஒரே நகர்வு! கெட்டிக்காரர்கள் அவமானமாக நினைத்துத் தாண்டிப் போகிற பகுதி. ஆனால் அந்த மனிதர்தான், மேதைகள் பிறப்பதில்லை, வளர்க்கப்படுகிறார்கள் என்று நம்பித் தன் மூன்று பெண் பிள்ளைகளையும் செஸ்ஸில் வளர்த்தவர். இளையவர் யூடிட் 1991இல் 15 வயதில் கிராண்ட்மாஸ்டர் ஆனார், அன்றைக்கு அது உலக சாதனை. திறமை என்ற ஒன்றே இல்லை என்று நாங்கள் சொல்ல வரவில்லை. 2024 டிசம்பர் 12இல் சிங்கப்பூரில் டிங் லிரெனை வென்று 18 வயதில் உலகச் சம்பியனான சென்னைக் குகேஷைப் பார்த்துவிட்டு அப்படிச் சொல்ல யாருக்கு வாய் வரும்? ஆனால் கடைசி ஆட்டத்தில் டிங் கோட்டையைத் தவறான இடத்தில் வைத்தபோது, காய்களை மாற்றிக்கொண்டால் எஞ்சும் சிப்பாய் ஆட்டம் வெற்றி என்பதைக் குகேஷ் கண்டுகொண்டார். அந்தக் கண்ணும் சிறு வயதிலிருந்து ஆயிரக்கணக்கான நிலைகளை வாசித்து வாசித்து வந்ததுதான்.

இதையெல்லாம் எங்களுக்கு உறுதியாக்கியது ஒரு சின்னப் பையன். எங்களில் ஒருவருடைய தம்பி, தரம் 6. தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையில் வெட்டுப்புள்ளிக்குக் கொஞ்சம் கீழே நின்றுவிட்டான். அந்தப் பரீட்சை முடிவு வந்தால் எங்கள் ஊர்ச் சந்திகளில் சித்தியடைந்த பிள்ளைகளின் படம் போட்ட பெனர் தொங்கும். படம் வராத பிள்ளைக்குப் பத்து வயது. அந்த வயதிலேயே "இவனுக்குப் படிப்பு ஏறாது" என்று குடும்பத்துக்குள் பேச்சு வந்துவிட்டது, அதுவும் அவன் காதுபட. அவனும் அதை ஒரு செய்தி மாதிரி எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

நோன்பு காலத்து இரவுகளில், தராவீஹ் முடிந்து ஊர் விழித்திருக்கும் நேரத்தில், வீட்டுத் திண்ணையில் அவனுக்கு மூலையை மட்டும் காட்டினோம். ஒரு ராஜா, ஒரு கோட்டை, ஒரு குதிரை. ஆட்டம் இல்லை, வெறும் மூலை. இங்கே எத்தனை வாசல்? எது திறந்திருக்கு? யார் அடைப்பது? குதிரையை வேறு வேறு இடத்தில் வைத்துத் திரும்பத் திரும்பக் கேட்டோம். இரண்டு கிழமைக்குப் பிறகு கணிதப் பிரிவில் படிக்கும் சாச்சாவின் மகனோடு அவன் முழு ஆட்டம் ஆடினான். பாதிக்கு மேல் காய் இழந்து போயிருந்தான். திடீரென்று கையை எடுத்துவிட்டு எங்களைப் பார்த்துக் கேட்டான்: "காக்கா, இது அந்த அரபு மேட் தானே?"

அவன் அதைக் கண்டுபிடிக்கவில்லை. வாசித்தான். முன்பு படித்த ஒரு சொல்லைப் புதிய பக்கத்தில் பார்த்து, இது அதுதானா என்று உறுதிப்படுத்திக்கொண்டான். நாங்கள் பதில் சொல்லவில்லை, மூன்று கேள்வியையும் கேள் என்றோம். வெட்ட ஏலாது, மறைக்க ஏலாது, ஓட ஏலாது என்று விரல் மடித்து எண்ணிவிட்டுக் கோட்டையைத் தூக்கி வைத்தான். அதற்குப் பிறகு படிப்பு ஏறாது என்று அவன் எங்களிடம் சொன்னதில்லை. பாடசாலையில் அவனுடைய புள்ளிகள் கூடியதா என்று கேட்காதீர்கள், செஸ் அதற்கான மருந்து என்று நாங்கள் விற்க வரவில்லை. ஒரு விசயம் தெரியாமலிருப்பதும் தெரிய ஏலாமலிருப்பதும் வேறு வேறு என்று அவனுக்கு ஒரு தடவை கையால் விளங்கியது. எங்களுக்கு அது போதும்.

உங்கள் வீட்டில் ஒரு பழைய செட் இருந்தால் எடுங்கள். காய் குறைந்திருந்தாலும் பரவாயில்லை, மூன்று காய் போதும். கருப்பு ராஜாவை வலது பக்க மேல் மூலையில் வையுங்கள். அவனிலிருந்து இடப்பக்கம் இரண்டு கட்டம் எண்ணி, அங்கிருந்து கீழே இரண்டு கட்டம் இறங்கி ஒரு வெள்ளைக் குதிரையை வையுங்கள். ராஜா நிற்கும் வரிசைக்கு அடுத்த கீழ் வரிசையில், இடது ஓரத்தில் ஒரு வெள்ளைக் கோட்டை. இடையில் ஒன்றுமில்லை. வெள்ளையின் முறை, ஒரே நகர்வு.

இதுவரை செஸ்ஸைத் தொடாதவர்களுக்கும் சேர்த்துத்தான் கேட்கிறோம்: காண எத்தனை செக்கன் எடுத்தது?